பிணமான பிறகு தேநீர்

திருடினேனா? யாரு, நானா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம். எங்க வீட்டுக்குள்ள பூந்து, எங்க அண்டாவத் தூக்கிட்டுப் போயி, எங்க பேர அராவி எடுத்துட்டு உங்க பேர வெட்டிக்கிட்டு, அப்புறம் இவ எங்க அண்டாவுல தண்ணி மோந்துட்டான்னு ஊரக் கூட்டுறீங்க. ஆறு வருசம் சார். ஒரு இங்கிலீஷ்காரன் எழுதின புஸ்தகத்த வச்சுக்கிட்டு ஆறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவன் எங்க கமா வைப்பான், எங்க இருமுவான், எங்க பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அவன் பேரே ஒழுங்கா வாயில வராது. எட்வின் ஹாஸ்கர்ட்டுங்கிறதுக்கு ஹஸ்கார்டு, ஹாக்ஸர்ட்டுன்னு ஏதோ தபால்கார்டு வாங்குற மாதிரி. அந்த வாய வச்சுக்கிட்டு என்னத் திருடின்னு சொல்றீங்க? காலையில பத்தே முக்கால்ல இருந்து சங்கரேஸ்வரி இப்படித்தான் சண்டை போட்டுக்கிட்டிருந்தா. வாயத் திறக்கல. வெள்ளி விழா அரங்கத்துல நாலாவது வரிசையில, ஓரத்துல இருந்து ரெண்டாவது சேர்ல, மடியில ஜோல்னாப் பையும் பைக்குமேல ரெண்டு கையுமா, பாக்குறவங்களுக்கு ரொம்ப அடக்கமான ஆராய்ச்சி மாணவி மாதிரிதான் உக்காந்திருந்தா. உள்ள நடக்குற ரகளை அவ காலுக்கு மட்டுந்தான் தெரியும். செருப்புல இருந்து கால உருவுறதும் மாட்டுறதுமா இருந்துச்சு. மேடையில நடு சேர்ல துணைவேந்தர், அவருக்கு வலது பக்கம் டாக்டர் தர்மசீலன். பேரப் பாருங்க, தர்மசீலன். பெத்தவங்க ஆசையா வச்ச பேரு, அவங்கள என்ன சொல்ல. ஆங்கிலத் துறைத் தலைவர், சங்கரேஸ்வரிக்கு வழிகாட்டி, இன்னைக்கு நூலாசிரியர். அவருக்குப் பின்னாடி பேனர்ல ஆளு ஒசரத்துக்கு அந்தப் புஸ்தகத்தோட அட்டை: 'பிணமாதல்: ஹாஸ்கர்ட்டின் நாடக உலகம்'. அதுக்குள்ள இருக்கிற நாடகங்களோட தமிழ் அவளோடது. கட்டுரைங்க அவளோடது. ஹாஸ்கர்ட் எழுதி அச்சான எல்லாத்துக்கும் கடைசியில ஒரு பட்டியல் இருக்கே, எந்த வருசம், எந்தப் பதிப்பகம், எத்தன பதிப்புன்னு, அது அவ கண்ணு ரெண்டும் பூத்துப் போயி எடுத்தது. அவளோட ஆய்வேட்ட லைப்ரரியில காப்பி அடிச்சிருக்கான்னு பாக்குற சாப்ட்வேர்ல போட்டப்ப நாப்பத்தி மூணு சதவீதம் ஒத்துப்போகுதுன்னு வந்துச்சு. எதோட? போன மாசம் வந்த இந்தப் புஸ்தகத்தோட. உடனே சார் பதிவாளருக்கு ஒரு கடுதாசி எழுதிட்டாரு, மாணவி தன்னோட உழைப்பைத் திருடிட்டதா. பதிவாளர் ஆபீஸ்ல இருந்து மெமோ வந்துச்சு, நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டினாங்க. உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். இன்னைக்கு அஞ்சாவது நாள். மெமோ பைக்குள்ள இருந்துச்சு. நாலா மடிச்ச காகிதம், ஆனா மடியில வச்சிருக்கிறப்ப அம்மிக்கல்லு கனம் கனத்துச்சு.

மேடையில பொன்னாடை போட்டுக்கிட்டிருந்தாங்க. துணைவேந்தருக்கு ஒண்ணு, தர்மசீலனுக்கு ஒண்ணு, பதிப்பாளருக்கு ஒண்ணு, அப்புறம் தர்மசீலன் சம்சாரத்துக்கு ஒண்ணு. அந்தம்மா எதுக்கு? அந்தம்மாவுக்கு முன்னுரையில நன்றி போட்டிருக்கு, அதுக்கு. முன்னுரையில யாருக்குத்தான் நன்றி இல்ல. சம்சாரத்துக்கு, மகளுக்கு, மருமகனுக்கு, காரோட்டி வேதமுத்துக்கு, அட்டை வடிவமைச்சவருக்கு, எல்லாம் முடிஞ்சு பக்கத்தோட அடியில, பேன் மாதிரி பொடி எழுத்துல, 'தட்டச்சு உதவி: செல்வி சங்கரேஸ்வரி'. தட்டச்சு உதவி! அத மொத தடவ படிச்சப்ப அவளுக்குக் கோவம் வரல, சத்தியமா வரல, பசிச்சது. ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போயி நாலு இட்லி தின்னா. அஞ்சாவது இட்லி தொண்டையில நின்னப்பதான் அழுகை வந்துச்சு. பாவி, எவ்வளவு யோசிச்சுப் போட்டிருக்கான். அந்த ரெண்டு வார்த்தையில எல்லாக் கதவையும் சாத்திட்டான். இனிமே அவ கம்ப்யூட்டர்ல இருக்கிற எந்த ஃபைலக் காட்டினாலும், எந்தத் தேதியக் காட்டினாலும், ஆமா, நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு டைப் அடிச்சுச்சு, அதான் அவகிட்ட இருக்குன்னு சொல்லிட்டுப் போயிரலாம். இத மாதிரி ஒரு வில்லன ஹாஸ்கர்ட்டால எழுத முடியாது. அவனோட வில்லனுங்க எல்லாம் கோட்டுப் போட்ட சாதுங்க. பாவம், அவன் என்ன பெரிய மேதையா? ஊரூராப் போயி மேடை போடுற நாடகக் கம்பெனியில முப்பது வருசம் ரெண்டாந்தர வேஷங்கட்டின நடிகன். பட்லர், பாதிரியார், ரெண்டாவது போலீஸ்காரர். வேஷத்துக்கு நடுவுல மேக்கப் ரூம்ல உக்காந்து அஞ்சு நாடகம் எழுதினான், ரேடியோவுக்குக் கொஞ்சம் எழுதினான். அத ஒரு சின்னப் பதிப்பகம் போட்டுச்சு, ஒல்லி ஒல்லியா ஆறு பச்சை அட்டைப் புஸ்தகம். அவன் ஊர்லயே அவன யாருக்கும் தெரியாது. அந்த ஆறும் எப்படியோ கப்பலேறி வந்து, எந்தக் கல்லூரியோ இழுத்து மூடினப்ப இங்க வந்து, துறை நூலகத்துல பீரோவுக்கு மேல கெடந்துச்சு. சங்கரேஸ்வரிதான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினா. ஒரு பல்லி முட்டையும் சேந்து இறங்குச்சு. மேல இருந்தது 'வாடகைத் தாடி'. நின்ன வாக்குல மூணு பக்கம் படிச்சா, ஸ்டூல்ல நின்னபடியே சிரிச்சா. மழை ஓயாத ஒரு கடற்கரை ஊரு, டிக்கெட் விக்காத ஒரு நாடகக் கம்பெனி, எட்டுப் பேருக்கு ஒரே ஒரு ஒட்டுத்தாடி. யாருக்குத் தாடி வேணுமோ அவன் அடுத்தவன் மூஞ்சியில இருந்து பிய்ச்சுதான் ஒட்டணும். அத அப்பாவுக்கு போன்ல சொன்னா. சாத்தூர்ல பஞ்சர் கடையில டயர் ட்யூபத் தண்ணியில முக்கிக்கிட்டே கேட்டவரு, "ஏத்தா, அப்ப அந்தத் தாடிக்கு ஒரு நாளாச்சும் லீவு உண்டா?"ன்னாரு. ஹாஸ்கர்ட் பத்தி இதுவரைக்கும் யாரும் சொன்னதுல அதுதான் நல்ல விமர்சனம். புஸ்தகத்துல தன் பங்குக்குப் பதினெட்டு பக்கம் எழுதின தர்மசீலன் அந்த ஒரு வரிக்கு ஒறை போடக் காணாது.

"ஏ, பல்லக் கடிக்காத. சத்தம் எனக்குக் கேக்குது" என்றாள் பக்கத்துல இருந்த பெனாசிர். அவ வரலாற்றுத் துறை. ஹாஸ்டல்ல ஒரே ரூம். கூட்டத்துக்கு ஆள் காணாதுன்னு வரலாறு, தாவரவியல், உடற்கல்வி எல்லாத் துறை ஆய்வாளர்களையும் வருகைப் பதிவு போட்டு, ஆளுக்கொரு புஸ்தகத்தையும் கையில திணிச்சு ஓட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. அவளுக்குப் பின்னாடி ரெண்டு உடற்கல்விப் பசங்க தூங்கிக்கிட்டிருந்தாங்க, நல்ல ஆரோக்கியமான தூக்கம். "கடிக்கல" என்றாள் சங்கரேஸ்வரி. "அப்ப எலி புகுந்திருக்கு அரங்கத்துக்குள்ள." மேடையில துணைவேந்தர் பேச எழுந்தாரு. மைக் ஒரு தடவ கீச்சுன்னுச்சு. பேசினாரு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஆன்மா செத்துப்போனதை நமது பேராசிரியர் 'பிணமாதல்' என்ற ஒற்றைச் சொல்லால் கைப்பற்றியிருக்கிறார், இது மேலைநாட்டு அறிஞர்களே எட்டாத உயரம், இதை இனி 'பிணமாதல் கோட்பாடு' என்றே அழைக்கலாம். கைதட்டல். சங்கரேஸ்வரிக்கு அடிவயித்துல இருந்து ஒண்ணு கெளம்புச்சு. கோவம்னு நெனச்சா. நெஞ்சுக்கு வந்ததும்தான் தெரிஞ்சது, சிரிப்பு. ஐயோ, இப்ப வேணாம், இப்ப வேணாம். தலையக் குனிஞ்சுக்கிட்டா, பையோட வாரைக் கடிச்சா. ஏன்னா பிணமாதல் கோட்பாடு எங்க பொறந்துச்சுன்னு இந்த ஒலகத்துலயே தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். அது பொறந்தது ஹாஸ்டல்ல பதினேழாம் நம்பர் ரூம்ல, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், மெஸ்ஸுல போட்ட புளிச்ச தயிர்சாதம் நெஞ்சக் கரிச்சுக்கிட்டிருக்கிறப்ப. 'வாடகைத் தாடி'யில ரெண்டாவது அங்கம். கம்பெனி ஒத்திகை பாக்குது. சாவுக் காட்சி, எல்லாரும் அழணும். அடைப்புக்குறிக்குள்ள ஹாஸ்கர்ட் எழுதியிருக்கான், தாமஸ் கார்ப்ஸஸ். கார்ப்ஸ்னா பொணம், அது பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனா அத வினைச்சொல்லா எழுதியிருக்கானேன்னு அவ ஒரு நிமிசம் பேனாவக் கடிச்சா. தமிழ்ல எந்தப் பேர்ச்சொல்லுக்குப் பின்னாடியும் ஒரு 'ஆகு' போட்டா வினை ஆயிரும். கல்லாகு, மண்ணாகு, பிணமாகு. எழுதினா: தாமஸ் பிணமாகிறான். அடுத்த வரி, மற்றவர்களும் பிணமாகிறார்கள். அதுக்கடுத்த வரி, எல்லோரும் தேநீர் அருந்துகிறார்கள். மூணு வரியையும் சேத்துப் படிச்சவளுக்கு என்னமோ இடிச்சுது. செத்தவன் எப்படி டீ குடிப்பான்? இடிச்சதுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டா: இது போருக்குப் பிந்தைய மனநிலையின் குறியீடாக இருக்கலாம். இருக்கலாம். ஒரு 'லாம்' சார். என் அறியாமைக்கு முட்டுக்குடுக்க நான் நட்டு வச்ச ஒரு மூங்கிக் கம்பு. நீங்க அந்த லாமப் புடிச்சுக்கிட்டு பதினெட்டு பக்கம் ஏறிட்டீங்க. இப்ப துணைவேந்தரையும் கையப் புடிச்சு மேல தூக்கிட்டீங்க. கம்பு தாங்குமா சார்?

தாங்காதுன்னு அவளுக்கு மூணு வருசமாத் தெரியும். இந்த எடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு ஒரு தரம் தடுக்கும், கொக்கியில மாட்டின துணி மாதிரி. சுத்திக்கிட்டுப் போகப் பாக்கும், முடியாது. ஹாஸ்கர்ட்டோட அச்சான எழுத்துல ஏழாவதா ஒண்ணு இருக்கு, நூலகத்துல இல்லாதது, 'ஓரத்தில் ஒரு இருமல்'னு அவன் தன் கதைய அவனே எழுதினது. அதத் தேடி அவ வெளிநாட்டுப் பழைய புஸ்தகக் கடைங்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினா. முப்பத்தியோரு கடை. ஒரே ஒருத்தர் பதில் போட்டாரு, யாரும் வாங்காத புஸ்தகம், உனக்கு ஆசைன்னா போட்டோ எடுத்து அனுப்புறேன்னு. நூத்தி எண்பத்தி ரெண்டு பக்கம். சில படத்துல அவரு கட்டவிரல் தெரியும். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஹாஸ்கர்ட் சொல்றான். அவன் நீதிபதி வேஷம், கூண்டுல நிக்கிறவனுக்குத் தூக்குத் தண்டனை படிக்கணும். படிக்கிறப்ப கூண்டுல நிக்கிறவன் ஒட்டுமீசை ஒரு பக்கம் கழண்டு வாய்க்குள்ள போகுது. அவன் அத மென்னுக்கிட்டே நிக்கிறான். நான் கார்ப்ஸ் ஆனேன், அரங்கமே பாத்துச்சு, மறுநாள் என்னக் கம்பெனிய விட்டு அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கான். பொணமானவன எதுக்கு மறுநாள் வேலைய விட்டு அனுப்பணும்? பாடையில இல்ல அனுப்பணும். அப்பதான் அவளுக்கு வெளங்குச்சு. மேடையில நடிச்சுக்கிட்டிருக்கிறவன் சிரிப்ப அடக்க முடியாம வேஷம் கலைஞ்சு சிரிச்சிர்றான் பாருங்க, அதுக்கு அவங்க நாடகக்காரங்க சொல்ற வார்த்தை அது. தாமஸ் சாகல. தாமஸுக்குச் சிரிப்பு. மத்தவங்களுக்கும் சிரிப்பு. சிரிச்சு முடிச்சு ஒத்திகைய நிறுத்திட்டு டீ குடிக்கிறாங்க. அவ்வளவுதான். அன்னைக்கு அவ மூஞ்சி சுட்டுச்சு. ஆறு புஸ்தகத்துல பதினோரு எடத்துல ஆளுங்களச் சாகடிச்சிருந்தா. ஒவ்வொருத்தனையா எழுப்பி உக்கார வச்சு, சிரிக்க வச்சு, ஆய்வேட்டத் திருத்தினா. ஆனா அதுக்கு முந்தியே பழைய பிரதி தர்மசீலன்கிட்ட இருந்துச்சு. ஒரு கருத்தரங்கத்துக்குப் பயன்படும்னு ஸ்பைரல் போட்டு வாங்கி வச்சிருந்தாரு. சொல்லியிருக்கலாம். மறுநாளே போயி, சார் ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாம். அவ சொல்லல. ஏன் சொல்லல? மறந்துட்டேன்னு மெமோவுக்குப் பதில் எழுதலாம். பெனாசிருக்குச் சொல்லலாம். தனக்குத்தானே சொல்ல முடியாது. மறக்கல. பிரதிய வாங்குறப்பவே அவரு கண்ணுல ஒரு பளபளப்பு, கல்யாண வீட்டு மொய் நோட்டப் பாக்குற மாதிரி. அத அவ பாத்திருந்தா. எலிப்பொறியில வடை வைக்கிறவ எலிக்கு முன்னறிவிப்பு குடுப்பாளா? வடைய நான் வைக்கல, அது தானா இருந்துச்சு, எடுக்காம விட்டேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அப்ப நீ என்ன பெரிய யோக்கியம் சங்கரி? அவன் திருடுவான்னு தெரிஞ்சு கெட்டுப்போனதத் திருட விட்டிருக்க. சரி, விட்டேன். ஆமா, விட்டேன். யோக்கியமா இருக்கிறதுக்கா நான் வந்திருக்கேன்?

வேஷம் கலையாம இருக்க ஹாஸ்கர்ட் ஒரு வழி சொல்லியிருக்கான், அதே பக்கத்துல கீழ. கன்னத்த உள்பக்கமாக் கடி, செத்துப்போன ஒருத்தர நெனச்சுக்கோ. சிரிப்பு இன்னும் தொண்டையிலயே நின்னுச்சு, அதனால சங்கரேஸ்வரி கன்னத்தக் கடிச்சா, அப்பாவ நெனச்சா. அது தப்பான வழி. ஹாஸ்கர்ட்டுக்கு என்ன, அவன் நெனைக்கிற செத்தவங்களோட தர்மசீலன் சேந்து வரமாட்டான். அப்பா போனது ஆறு வருசத்துல மூணாவது வருசம், ஆவணி மாசம். பால் தெளிச்சுட்டு வந்து ஈரத் தலையோட உக்காந்திருக்கிறப்ப போன் அடிச்சுச்சு. துக்கம் விசாரிக்கத்தான்னு நெனச்சு அம்மா போனக் கொண்டாந்து கையில குடுத்து, "உங்க சாரு, பேசு தாயி, எவ்வளவு பெரிய மனுசன் மறக்காமக் கூப்புடுறாரு"ன்னா. கேட்டது, நூல் பட்டியல் முடிஞ்சுதான்னு. ஒரு வரியில துக்கம், ரெண்டாவது வரியில பட்டியல். அவ இன்னும் ரெண்டு வாரத்துல தந்துர்றேன் சார்னு சொன்னா. தந்தா. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சனம் சாப்புட்டுக்கிட்டிருக்கிறப்ப, மேல மாடிப்படியில உக்காந்து ஹாஸ்கர்ட்டோட ரேடியோ நாடகம் எந்த வருசம் அச்சாச்சுன்னு சரி பாத்துக்கிட்டிருந்தா. அந்தப் பட்டியல் இப்ப முந்நூத்தி ரெண்டாம் பக்கத்துல இருந்து முந்நூத்தி ஒம்பது வரைக்கும். அதுல ஆறு புஸ்தகந்தான் இருக்கு. ஏழாவது இல்ல. ஏழாவது அவளுக்குப் பின்னால கெடச்சது, அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாது சார். நீங்க கொள்ளையடிச்ச வீட்டுல ஒரு ரூம நீங்க பாக்கவே இல்ல. அந்த ரூம்லதான் சார் வெளக்கு எரியுது. இப்ப சிரிப்பு போயிருச்சு. வாயில ரத்தம் உப்புக் கரிச்சுது. கன்னத்தக் கொஞ்சம் அதிகமாவே கடிச்சிருந்தா.

பயமும் இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா பொய். முதுகுத்தண்டுல ஒரு எறும்பு மேல ஏறி, கீழ எறங்கி, வழி தெரியாம திரும்ப ஏறுற மாதிரி ஒரு பயம். எந்திரிச்சுக் கேட்டா என்ன ஆகும்? மொதல்ல குரல் வராது. வந்தாலும் கீச்சுன்னு வரும், அந்த மைக் மாதிரி. மைக்க அணைச்சிருவாங்க. இல்ல, அணைக்க மாட்டாங்க, அதவிட மோசமா, அம்மா உங்க ஆர்வம் புரியுது, அப்புறம் தனியாப் பேசலாம்னு சிரிப்பாங்க. தனியா! இந்த ஊர்ல பொம்பளப் புள்ளைங்க நியாயத்த எல்லாம் தனியாப் பேசித்தான் பொதைச்சிருக்காங்க. மெமோவுக்கு ரெண்டு பக்கம் பதில் எழுதி, கவர்ல போட்டு, ஆபீஸ்ல முத்திரை வாங்கிட்டு வந்தா அதுவும் தனிதான். கமிட்டி போடுவாங்க. கமிட்டியில யாரு? துறைத் தலைவர்கள். துறைத் தலைவர் யாரு? சரி, கேக்குறேன்னு வையி. என்ன கேப்ப? இந்தத் தமிழ் என்னோடதுன்னா? அவரு சிரிச்சுக்கிட்டே தட்டச்சு உதவின்னு நன்றி போட்டிருக்கேனேம்பாரு. கார்ப்ஸ்னா பொணம் இல்ல சார்னு சொன்னா? ஒரு திருத்தம்தானே, அடுத்த பதிப்புல போட்டுருவோம், மாணவிக்கு நன்றிம்பாரு. நன்றிய அவரு கடலை மாதிரி எறைப்பாரு. அப்ப என்னதான் கேக்குறது? இங்கதான் நாலு நாளா அவளோட யோசனை செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டிருந்துச்சு. தப்பக் காட்டினா தப்பு மட்டுந்தான் தெரியும், திருட்டு தெரியாது. திருட்டச் சொன்னா அவரு வார்த்தை, இவ வார்த்தை. அவரு மேடையில, இவ நாலாவது வரிசையில. ரெண்டையும் சேத்துக் கட்டணும். சேத்துக் கட்ட ஒரே கயிறுதான் இருக்கு. அந்தக் கயிறு இவ கழுத்துலயும் விழும். என் தப்புன்னு சொல்லணும். இத்தன பேரு முன்னாடி, துணைவேந்தர் கோட்பாடுன்னு கொண்டாடுற அந்த மடத்தனம் நான் பண்ணினது, எனக்கு அப்ப அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதுன்னு சொல்லணும். முன் வரிசையில ஆங்கிலத் துறை மொத்தமும் உக்காந்திருக்கு. சாத்தூர் கவர்மெண்டு ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவதானேன்னு மொத நாள்லயே உதட்டப் பிதுக்கின கூட்டம். ஆறு வருசமா அவங்க முன்னாடி ஒரு உச்சரிப்பு தப்பாப் போயிறக் கூடாதுன்னு நாக்க எச்சரிக்கையா வச்சிருந்தவ. அவங்களுக்கு இனிமே காலத்துக்கும் அவ யாரு? பிணமாகிறான்னு எழுதினவ. டாக்டர் பட்டம் கெடச்சாலும் அதுதான் பேரு. தர்மசீலனக் குத்தணும்னா கத்தி தன் வயித்து வழியாப் போயித்தான் அவரத் தொடணும். போகட்டும். ஆழமாப் போகட்டும். நான் தையல் போட்டுக்குவேன். நீங்க என்ன பண்ணுவீங்க சார்?

துணைவேந்தர் பேசி முடிச்சு, பதிப்பாளர் பேசி முடிச்சு, மிக்சர் பொட்டலமும் வாழப்பழமும் வரிசை வரிசையா வந்துச்சு. தூங்கின உடற்கல்விப் பசங்க அதுக்கு மட்டும் கரெக்டா எந்திரிச்சாங்க. தொகுப்பாளர் மைக்ல, அடுத்து கலந்துரையாடல், மாணவர்கள் கேள்விகளுக்குப் பேராசிரியர் பதிலளிப்பார், அரங்கத்தின் நடுவே உள்ள ஒலிவாங்கிக்கு வரவும்னாரு. வரவும்னா யாரு வேணும்னாலும் வரலாம்னு அர்த்தம் இல்ல. முந்தின நாளே மூணு பேருக்குச் சீட்டு குடுத்திருந்தாங்க, கேள்விய டைப் அடிச்சு. அதுல ஒரு சீட்டு பெனாசிர் கையில. அவளுக்கு ஹாஸ்கர்ட்டும் தெரியாது, ஹாஸ்டல் வார்டனுக்குப் பயந்து வாங்கிக்கிட்டா. அன்னைக்கு மத்தியானமே சங்கரேஸ்வரி அந்தச் சீட்டக் கேட்டப்ப, "வேணாம்டி. எனக்கும் சேத்து மெமோ வரும். எங்க வாப்பாவுக்கு மெமோன்னா என்னன்னு நான் வேற வெளக்கணும்"ன்னு சொல்லியிருந்தா. அவ சொன்னதும் நியாயந்தான். மொத ஆளு போனான். தங்கள் கோட்பாட்டை சங்க இலக்கியத்துக்குப் பொருத்த முடியுமா? ரெண்டாவது ஆளு இந்த நூலை எழுதத் தூண்டுதல் எதுன்னு கேட்டான். தூண்டுதலாம். ஸ்பைரல் போட்ட ஒரு பிரதி, நூத்தித் தொண்ணூறு பக்கம், அதுதான் தூண்டுதல். சங்கரேஸ்வரி பதில்களக் காதுல வாங்கல. காதுக்குள்ள ஒரு இரைச்சல், மழை நாள்ல தகரக் கூரைக்கு அடியில நிக்கிற மாதிரி. எட்டுப் பேரு மூஞ்சிக்கும் ஒரே தாடி. ஒருத்தன் மூஞ்சியில இருந்து பிய்ச்சு இன்னொருத்தன் மூஞ்சியில. பிய்க்கிறப்ப வலிக்கும்ல, அந்த வலிய ஏன் ஹாஸ்கர்ட் எழுதல? பிசின் காஞ்சிருக்கும், தோலும் சேந்து வரும். அடுத்து, வரலாற்றுத் துறை ஆய்வாளர் செல்வி பெனாசிர்னு கூப்பிட்டாங்க. பெனாசிர் எந்திரிக்கல. மிக்சர் பொட்டலத்த ரொம்ப கவனமாப் பிரிச்சா. இன்னொரு தரம் பேரச் சொன்னாங்க. பெனாசிர் மிக்சர்ல இருந்து ஒரு வேர்க்கடலைய எடுத்து வாயில போட்டுக்கிட்டு, சீட்ட சங்கரேஸ்வரியோட மடியில, மெமோ இருக்கிற பைக்குமேல வச்சா. "எனக்குத் தொண்ட கட்டிருச்சு. நீ போயிக் கேளு" என்றாள், முன்னாடி பாத்தபடி. அப்புறம், "கத்தாத. கத்தினா அழுதுருவ. மெதுவாக் கேளு, வலிக்கும்" என்றாள்.

நாலாவது வரிசையில இருந்து மைக்குக்குப் பதினாலு எட்டு. ஒரு செருப்பு சேருக்கு அடியில நின்னுபோச்சு, திரும்பி எடுக்கல. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒத்தச் செருப்போட நடந்தா. ஒரு காலுக்கு அரங்கத்துத் தரை ஐஸ் மாதிரி இருந்துச்சு. தர்மசீலன் அவளப் பாத்தாரு. பாத்ததும் பக்கத்துல குனிஞ்சு தொகுப்பாளர்கிட்ட ஏதோ சொல்ல வாயத் திறந்தாரு. அதுக்குள்ள அவ மைக்கப் புடிச்சிட்டா. ஈரக்கையில அது ஒரு மீன் மாதிரி இருந்துச்சு. கீச்சுங்கல. குரல் வந்துச்சு, அவளோடதுதான், சாத்தூர்க் குரல், உச்சரிப்பப் பத்தி எந்தக் கவலையும் இல்லாத குரல்.

"வணக்கம். நான் சங்கரேஸ்வரி. சாரோட மாணவி. புஸ்தகத்துல நாலாம் பக்கத்துல கீழ, தட்டச்சு உதவி, அது நாந்தான். எல்லாரும் கையில இருக்கிற புஸ்தகத்துல எழுபத்தி நாலாம் பக்கம் எடுங்க. தாமஸ் பிணமாகிறான், மற்றவர்களும் பிணமாகிறார்கள், எல்லோரும் தேநீர் அருந்துகிறார்கள். செத்தவங்க எப்படிங்க டீ குடிச்சாங்க?"

எங்கயோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். உடற்கல்விதான். பக்கங்கள் புரளுற சத்தம், அரங்கம் பூரா, புறாக் கூட்டம் எந்திரிக்கிற மாதிரி. துணைவேந்தரும் புரட்டினாரு.

"அவங்க சாகல. இங்கிலீஷ் நாடகக்காரங்க பேச்சுல கார்ப்ஸ்ங்கிற வார்த்தைக்கு, மேடையில நடிக்கிறப்ப சிரிப்ப அடக்க முடியாம சிரிச்சிர்றதுன்னு அர்த்தம். எழுதினவரே சொல்லியிருக்காரு, அவரோட தன்வரலாறு, நூத்திப் பன்னெண்டாம் பக்கம். நகல் இந்தா இருக்கு. சாரோட நூல் பட்டியல்ல அந்தப் புஸ்தகம் இல்ல. பிணமாகிறான்னு ஒரு மொழிபெயர்ப்பு ஒலகத்துல ஒரே ஒரு ஆளுதான் பண்ணியிருக்க முடியும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம, பொணத்துக்குப் பின்னாடி ஒரு 'ஆகு' போட்டு, ரெண்டாவது வருசம், பதினேழாம் நம்பர் ரூம்ல உக்காந்து நான் எழுதினேன். அது என் தப்பு. எனக்கு அப்பத் தெரியாது. வெக்கமாத்தான் இருக்கு, சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்னுபோச்சு. முன் வரிசையில ஆங்கிலத் துறை திரும்பிப் பாக்கல. ஒருத்தர்கூடத் திரும்பல. கழுத்துங்க மட்டும் வெறச்சு நின்னுச்சு. தொகுப்பாளர் எந்திரிச்சு, அம்மா இத நாம தனியான்னு ஆரம்பிச்சாரு. அவ அவரப் பாக்கல. மேடையில நடு சேருக்கு வலது பக்கத்தையே பாத்தா. தர்மசீலனோட பொன்னாடை ஒரு தோள்ல இருந்து வழிஞ்சு கெடந்துச்சு. பேனர்ல ஆளு ஒசரத்துக்கு அவளோட தப்பு தங்க எழுத்துல மின்னுச்சு.

"தனியா வேணாம் சார். மெமோ எனக்கு ஊரறிய வந்துச்சு, நோட்டீஸ் போர்டுல ஒட்டினீங்க. பதிலும் ஊரறிய வரட்டும். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எழுபத்தி நாலாம் பக்கத்துல இருக்கிற அந்தத் தப்பு யாரோடது? உங்களோடதுன்னா, உங்களுக்கு இந்த எழுத்தாளனப் படிக்கத் தெரியல. என்னோடதுன்னா, இந்தப் புஸ்தகத்த நீங்க எழுதல. எது சார்? மைக் உங்க முன்னாடிதான் இருக்கு. நான் நிக்கிறேன். சொல்லுங்க."